கேள்வியும் கேட்டலும்: நேர்காணல் ஆய்வு இணையத்திரையை அடைந்த வரலாறு

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல் இருபொருள் உடையது. வினவுதலும் கேட்டலே, செவிமடுத்தலும் கேட்டலே. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர். அவ்வதிகாரம் வினாத் தொடுக்கும் திறனைப் பேசுவதன்று. பிறர் சொல்லைச் செவிவழி ஏற்கும் பெருமையைப் பேசுவது. 'நேர்காணல்' என்பதோ அண்மைக் காலச் சொல்லாக்கம். இருவர் எதிரெதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேசுவதை அது குறித்தது.

மனிதரின் வாழ்வனுபவத்தை அவரவர் வாய்மொழியாகவே பெற்று ஆராயும் முறையைப் பண்புசார் ஆய்வு என்பர். எத்தனை பேர், எவ்வளவு என்று எண்ணிக் கணக்கிடுவது அதன் நோக்கமன்று. ஒருவர் தம் வாழ்வை எவ்வாறு பொருள்படுத்திக்கொள்கிறார் என்று அறிவதே அதன் நோக்கம். அதற்குரிய முதன்மைக் கருவி நேர்காணல். இன்று அந்நேர்காணல்களில் பல இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. ஆய்வாளர் ஓர் ஊரிலும் தகவலாளி மற்றோர் ஊரிலும் இருக்க, இடையே ஒரு திரை ஒளிர்கிறது. 'நேர்' போனபின் 'காணல்' நிலைக்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இம்முறையின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், கருவி மாறிய ஒவ்வொரு முறையும் ஒன்று இழக்கப்பட்டு வேறொன்று பெறப்பட்டது விளங்கும். கேட்பவரின் பொறுமைக்கு மட்டும் எந்தக் கருவியும் ஈடாகவில்லை என்பதும் விளங்கும்.

எழுதுகோலின் காலம்

1849-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் நகரின் 'மார்னிங் கிரானிக்கிள்' நாளிதழில் ஹென்றி மேஹ்யூ என்பவர் நகரத்து உழைக்கும் மக்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். தையற்பெண்கள், தெரு வணிகர், துறைமுகக் கூலிகள் ஆகியோரை நாடிச் சென்று, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுத முயன்றார். ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றை அம்மக்களின் வாய்மொழியாகவே வெளியிடும் முதல் முயற்சி தம்முடையது என்று 1851-இல் வந்த நூலின் முன்னுரையில் அவர் உரிமை பாராட்டினார்.

அந்நூலில் தெருவில் கீரை விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். குழந்தைதானே என்று மேஹ்யூ முதலில் பொம்மைகளையும் பூங்காக்களையும் பற்றி அவளிடம் பேசினார். அவளோ பிழைப்பின் கணக்குகளை முதிர்ந்தவர் போலப் பேசினாள். அவளிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியாமற் போனதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். தாம் கொண்டுசென்ற வினாக்கள் பயனற்றுப்போன இடத்தில்தான் அவர் செவிமடுக்கத் தொடங்கினார் எனலாம்.

எழுதுகோலுக்கு ஓர் எல்லை உண்டு. எழுதுபவர் கேட்டதையே அது எழுதும். சொல்பவரும் எழுதுபவரின் முகம் பார்த்தே சொல்வார். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ், முன்னாளில் அடிமைகளாயிருந்தோரின் வாழ்க்கைக் கூற்றுகள் 2,300-க்கு மேல் திரட்டப்பட்டன. அவற்றைத் திரட்டியவர்களில் மிகப் பலர் வெள்ளையர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஒரு மூதாட்டியை இருவர் தனித்தனியே சந்தித்தனர். வெள்ளையரான பெண்மணி கேட்டபோது, பழைய எசமானர் நல்லவர் என்னும் சித்திரமே மேலோங்கியது. கறுப்பரான ஆய்வாளர் கேட்டபோது சவுக்கடிகளும், பிள்ளைகள் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட கொடுமையும் வெளிவந்தன. இரு சந்திப்புகளும் முகத்துக்கு முகம் நிகழ்ந்தவையே. நேரில் காணுதல் மட்டுமே உண்மைக்கு உறுதி ஆகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை. மூதாட்டியின் முன் அமர்ந்திருந்த முகமே அவர் வாய்க்குப் பூட்டாகவும் திறவுகோலாகவும் அமைந்தது.

கம்பியும் நாடாவும்

1946-ஆம் ஆண்டுக் கோடையில், சிக்காகோவில் உளவியல் பேராசிரியராயிருந்த டேவிட் போடர் ஒரு கம்பி ஒலிப்பதிவுக் கருவியுடன் ஐரோப்பாவிற்குப் பயணமானார். மெல்லிய எஃகுக் கம்பியில் காந்த முறையில் ஒலியைப் பதியும் கருவி அது. பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளில், போரினால் வீடும் நாடும் இழந்தோரின் புகலிடங்களுக்குச் சென்று ஏறத்தாழ 130 பேரின் கூற்றுகளைப் பதிவு செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் நாசி வதைமுகாம்களிலிருந்து தப்பிய யூதர்கள். அக்கூற்றுகள் 9 மொழிகளில் அமைந்தவை. அவற்றுள் எட்டினை மட்டும் மொழிபெயர்த்து 1949-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'நான் இறந்தோரைப் பேட்டி காணவில்லை' என்பது. உயிர் பிழைத்தோரின் சொல்லே இத்தகையது என்றால், மாண்டோர் சொல்லாமற் போனது எத்தகையது என்னும் வினா அத்தலைப்பிலேயே அடங்கியுள்ளது.

ஒலிப்பதிவு வந்ததால் நிகழ்ந்த மாற்றம் பெரிது. எழுதுகோல் சொல்லை மட்டுமே பிடித்தது. கம்பியோ குரலின் நடுக்கத்தையும், சொல்ல முடியாமல் நின்ற இடத்தையும் பிடித்தது. மௌனம் முதன்முறையாகச் சான்றாயிற்று. கேட்பவரின் குறையையும் அது பிடித்துக் காட்டியது. உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1940-களில் தம் ஆலோசனை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். தாம் செவிமடுப்பதாக எண்ணியிருந்த ஆலோசகர்கள், உண்மையில் தாமே பேச்சை வழிநடத்தியதை அப்பதிவுகளால் உணர்ந்தனர். 1945-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, வழிநடத்தாமல் கேட்கும் அம்முறையைச் சமூக ஆய்வுக்கும் பரிந்துரைத்தது. மறு ஆண்டு இராபர்ட் மெர்ட்டனும் பத்திரீசியா கெண்டலும் எழுதிய 'குவிநோக்கு நேர்காணல்' பற்றிய கட்டுரை இம்முறைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது.

1948-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். முதற் சந்திப்பில் மாணவர் ஒருவர் கையாலேயே குறிப்பெடுத்தார். விரைவில் ஒலிநாடா வந்தது. ஆயினும் தொடக்க ஆண்டுகளில், உரையை எழுத்தில் பெயர்த்தபின் நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்தினர். எழுத்தே ஆவணம், குரல் அதற்கு ஏணி என்னும் எண்ணம் அன்று நிலவியது. அவ்வாறு அழிந்த குரல்கள் மீளவில்லை.

குரலுக்கும் நினைவின் பிழைக்கும் உரிய மதிப்பைப் பெற்றுத் தந்தவர்களுள் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ போர்த்தெல்லி தலையாயவர். தெர்னி என்னும் தொழில்நகரில் 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் லுயீஜி திராஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளி காவலரால் கொல்லப்பட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் போர்த்தெல்லி அந்நகர மக்களைக் கேட்டபோது, அவர்களுள் பலர் அச்சாவு 1953-இல் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். எஃகாலையிலிருந்து தொழிலாளர் பெருந்திரளாக நீக்கப்பட்டு, தெருக்களில் மோதல் வெடித்த ஆண்டு அது. ஆண்டு பிழையானது, ஆனால் அப்பிழையில் ஓர் உண்மை இருந்தது. தங்கள் தோழனின் சாவு பொருளற்றதாகிவிடக் கூடாது என்று ஒரு நகரமே தன் நினைவை மாற்றி அமைத்துக்கொண்டிருந்தது. இதனைப் பிழை என்று ஒதுக்காமல் செவிமடுத்ததே போர்த்தெல்லியின் பெருமை. 1991-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் இந்நிகழ்வையே தலைப்பாகக் கொண்டது.

முகம் மறைந்த உரையாடல்

முகம் காணாமல் பேசும்போது மனம் திறக்கும் என்பது இணையம் கண்டுபிடித்த உண்மையன்று. 16-ஆம் நூற்றாண்டில் மிலான் நகரின் பேராயர் சார்லஸ் பொரோமியோ, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கும் சொல்பவருக்கும் இடையே தடுப்புடைய பீடத்தை வழக்கிற் கொண்டுவந்தார். சிக்மண்ட் பிராய்டு, நோயாளியைப் படுக்கையில் கிடத்தி அவர் கண்ணிற் படாதவாறு பின்னால் அமர்ந்து கேட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பிறர் தம்மையே உற்றுப் பார்ப்பதைத் தம்மால் தாங்க இயலாது என்பதையும் ஒரு காரணமாக 1913-இல் அவரே எழுதினார்.

தொலைபேசி இம்மறைப்பை எங்கும் எளிதாக்கியது. ஆயினும் பண்புசார் ஆய்வாளர் நெடுங்காலம் அதனை ஐயத்தோடே நோக்கினர். உடற்குறிப்பும் சூழலும் தெரியாமல் ஆழமான பேச்சு அமையாது என்று கருதினர். 2004-இல் ஸ்டர்ஜஸ், ஹன்ரஹான் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், சிறைக்கு வரும் பார்வையாளரையும் சிறைக் காவலரையும் நேரிலும் தொலைபேசியிலும் பேட்டி கண்டு இருவகைப் பதிவுகளையும் ஒப்பிட்டனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு அவற்றுள் தென்படவில்லை. சிறைவாயிலில் தம்மை எவரும் காணாதிருக்க விரும்பிய உறவினர்க்குத் தொலைபேசியின் மறைவு ஒரு காப்பு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

மின்னஞ்சல் தந்த அவகாசம்

1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பினார். அதன்பின் இருபதாண்டுகளுக்கு மேல் சென்று, 1990-களின் நடுவில் ஆய்வாளர் சிலர் மின்னஞ்சலை நேர்காணலுக்குக் கைக்கொண்டனர். கிறிஸ் மேனும் பியோனா ஸ்டூவர்ட்டும் 2000-இல் வெளியிட்ட கையேடு, இணையவழிப் பண்புசார் ஆய்வை ஒரு முறையியலாகவே தொகுத்துரைத்தது.

மின்னஞ்சலின் முதற்கொடை அவகாசம். வினா வந்து சேரும்; விடை உடனே தரவேண்டியதில்லை. நலீட்டா ஜேம்ஸ், ஹியூ புஷர் என்னும் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2006-இல் எழுதிய கட்டுரையில், தகவலாளிகள் தம் கூற்றைத் தாமே திரும்பப் படித்து, சிந்தித்து, மேலும் எழுதியதைப் பதிவு செய்தனர். நேர்காணலின் வேகத்தை ஆய்வாளரிடமிருந்து தகவலாளி தம் கைக்கு மாற்றிக்கொண்டார். செவிப்புலன் அற்றோர்க்கும், நீண்ட நேரம் பேச இயலாத நோயாளர்க்கும், இரவுப்பணி செய்வோர்க்கும் இது திறந்துவிட்ட கதவு. ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்கும் உழைப்பும் மிச்சமாயிற்று.

இழப்பும் சிறிதன்று. தெர்னி நகரத்து முதியவரிடம் போர்த்தெல்லி மின்னஞ்சலில் கேட்டிருப்பாராயின் என்ன நிகழ்ந்திருக்கும்? அம்முதியவர் எழுதுமுன் ஒரு நூலையோ பழைய செய்தித்தாளையோ புரட்டியிருப்பார். 1953 என்பதை 1949 என்று திருத்தியிருப்பார். ஆண்டு சரியாயிருக்கும், உண்மை மறைந்திருக்கும். அவகாசம் சிந்தனையைத் தரும்போதே தன்னிச்சையான நினைவை அழித்துவிடவும் கூடும்.

தமிழில் இவ்விழப்பு இன்னும் கூர்மையானது. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. பேசும்போது ஒரு மூதாட்டியின் சொல்லில் ஊரும் தொழிலும் சாதியும் தலைமுறையும் ஒலிக்கும். அதே மூதாட்டியோ அவர் பேரனோ எழுத அமர்ந்தால் எழுத்துவழக்கு வந்து குடியேறிவிடும். வட்டாரச் சொல் நாணி ஒதுங்கும். அழுகை 'மனவருத்தம்' ஆகிவிடும். ஆகவே தமிழரிடையே எழுத்துவழி நேர்காணல் செய்பவர் தகவலாளியின் மொழியையே இழக்கும் ஆபத்தில் இருக்கிறார். பேசிய மொழியிலேயே எழுதலாம் என்று முதல் மடலிலேயே சொல்வதும், தாமும் அவ்வாறே எழுதுவதும் அதற்கு ஓரளவு மருந்தாகும்.

திரையில் தோன்றிய முகம்

2003-இல் தொடங்கப்பெற்ற ஸ்கைப் முதலிற் குரலையும், சில ஆண்டுகளில் முகத்தையும் கடல் கடந்து கொண்டுசென்றது. 2011-இல் நிறுவப்பெற்ற ஜூம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெருந்தொற்றுக்கு முன்னரே, 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவில் ஜூம் வழியே பேட்டி காணப்பெற்ற 16 செவிலியரின் கருத்து கேட்கப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் இணைப்பில் இடர்ப்பட்டனர். ஆயினும் பிற முறைகளைவிட இதுவே தமக்கு விருப்பமானது என்று பெரும்பாலோர் கூறினர்.

திரையில் வருவது முழு முகமன்று என்பதை உணர்தல் வேண்டும். ஒளிப்படக் கருவி ஓரிடத்திலும் உருவம் வேறிடத்திலும் இருப்பதால் கண்ணும் கண்ணும் நேர்படுவதில்லை. நடுங்கும் கையும், கதவருகே நிற்கும் மற்றொருவரும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். மௌனத்தின் இழப்பு இவற்றினும் பெரிது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, உரையாடலில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்கச் சராசரியாக நொடியில் ஐந்திலொரு பங்கு நேரமே ஆகிறது. அத்துணை நுண்ணிய தாளத்தில் இயங்குவது மனிதப் பேச்சு. இணைப்பின் தாமதம் அத்தாளத்தைக் குலைக்கிறது. 2014-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் நிகழ்த்திய சோதனையில், கருவியால் நேர்ந்த தாமதத்தை மக்கள் எதிரில் பேசுபவரின் குணக்குறையாகவே எடுத்துக்கொண்டனர். கவனமற்றவர், நட்பற்றவர் என்று மதிப்பிட்டனர். துயரத்தால் ஒருவர் நிறுத்துகிறாரா, இணைப்பு அறுந்ததா என்று திரைமுன் இருப்பவர் திகைக்கிறார். திகைத்தவர் அடுத்த வினாவைத் தொடுத்துவிடுகிறார். கம்பிப்பதிவு சான்றாக்கிய மௌனத்தைத் திரை மீண்டும் ஐயத்திற்குரியதாக்கியது.

பெருந்தொற்றின் ஆண்டு

2020 மார்ச்சு 11 அன்று உலக நலவாழ்வு அமைப்பு கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. உலகெங்கும் களப்பணி நின்றது. அதுவரை வசதிக்காகக் கொள்ளப்பட்ட இணையவழி நேர்காணல் ஒரே மாதத்தில் வேறு வழியற்ற வழியாயிற்று.

அவ்வேளை இருவகை விடைகள் எழுந்தன. பிரித்தானியாவின் வாய்மொழி வரலாற்றுக் கழகமும் பிரித்தானிய நூலகமும் இணைந்து வெளியிட்ட அறிவுரை, இயன்றவரை நேர்காணலை ஒத்திவைக்குமாறே முதலிற் கூறியது. ஒலித்தரம் குன்றும் என்பது ஒரு காரணம். துயரக் கதை சொல்லி முடித்தவரைத் திரையில் தனியே விட்டுவிட்டுப் போகலாகாது என்னும் கவலையும் அதனோடு சேர்ந்தது. நேரில் என்றால் ஒரு குவளை தேநீர் முடியும்வரை உடன் இருக்கலாம்; திரையிலோ ஒரு பொத்தானை அழுத்தியதும் அறையில் அவர் மட்டுமே எஞ்சுவார்.

நியூயார்க்கில் வேறு விடை பிறந்தது. நெவின்ஸ் 1948-இல் தொடங்கிய மரபின் வழிவந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அம்மார்ச்சு மாதத்திலேயே கோவிட் கால வாய்மொழிக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினர். நகரத்தார் ஏறத்தாழ 200 பேரைத் திரைவழியே சந்தித்து, காலம் இடைவிட்டு மீண்டும் அவர்களிடமே கேட்டனர். நிகழ்ந்து முடிந்ததை நினைவுகூரச் செய்வது வாய்மொழி வரலாற்றின் வழக்கம். இங்கோ முடிவு தெரியாத நிகழ்வின் நடுவில், கேட்பவரும் சொல்பவரும் ஒரே அச்சத்தில் அடைபட்டிருந்தபடியே பேசினர். ஒத்திவைத்திருந்தால் அச்சொற்கள் பிறந்தே இரா. இரு விடைகளிலும் அறம் இருந்தது. ஒன்று சொல்பவரின் நலத்தைக் காத்தது. மற்றொன்று சொல்லைக் காத்தது.

காப்பும் பொறுப்பும்

1983-க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடா, பிரித்தானியா, பிரான்சு முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். ஒரே சிற்றூரின் முதியோர் இன்று பல நகரங்களில் வாழ்கின்றனர். அவ்வூரின் நினைவைத் திரட்ட விழைபவர்க்குத் திரையன்றி எளிய வழியில்லை. ஆயினும் அத்தகைய கூற்றுகளில் காணாமற்போனோர் பெயரும், ஊரில் இன்னும் வாழ்வோரின் அச்சமும் கலந்திருக்கும். பேசும் அறையில் வேறு யார் இருக்கின்றனர், பதிவு எந்நாட்டுக் கணினியில் தங்குகிறது, பின்னர் அதனை யார் திறக்கலாம் என்னும் வினாக்கள் முதல் வினாவுக்கு முன்பே தெளிவுபெற வேண்டியவை. நிறுவனங்களின் ஆயுளும் எண்ணத்தக்கது. ஒருகாலத்தில் தொலைவழிப் பேச்சுக்கே மறுபெயராயிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. போடரின் எஃகுக் கம்பியில் பதிந்த குரல்களோ, பிற்கால ஊடகங்களுக்கு மாற்றப்பெற்று இன்றும் ஒலிக்கின்றன. பதிவைக் காப்பது அதனைப் பொறுப்பேற்ற மனிதரேயன்றிக் கருவி அன்று.

இலக்கிய வட்டங்கள் தம் மூத்த கவிஞர்களின் நினைவுகளைத் தொலைவிலிருந்து பதிவு செய்ய முற்படும் காலம் இது. அம்முயற்சிக்கு இவ்வரலாறு சொல்லும் பாடம் எளியது. மேஹ்யூவின் எழுதுகோலும் போடரின் கம்பியும் மின்னஞ்சலும் திரையும், 'கேள்' என்னும் சொல்லின் முதற்பாதியாகிய வினவுதலை மேலும் மேலும் எளிதாக்கின. மறுபாதியாகிய செவிமடுத்தல் இன்றும் 1849-இல் இருந்த அளவுக்கே அரிது. திரையில் முதியவர் ஒருவர் பேச்சை நிறுத்தும்போது, இணைப்பு அறுந்ததோ என்று பதறாமல், பத்து நொடி பொறுத்திருப்பவருக்கே அவர் அடுத்துச் சொல்லவிருப்பது கிட்டும்.